மாடக்கண்ணோட அலை

ஆஸ்பத்திரிக் கதைன்னு சொன்னதுமே மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கிட்டீங்கள்ல? தெரியும். வெள்ளச் சேலை கட்டுன ஒருத்தி வராண்டாவுல நடப்பா, ட்யூப்லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியும், பொண அறையில இருந்து ஒருத்தன் எந்திரிச்சு வந்து பீடி கேப்பான்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. இந்தா, இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ரெண்டு பேரு, டாக்டரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு, "இனி எல்லாம் ஆண்டவன் கையில"ன்னு தொண்டையச் செருமுவாரு, பொண்டாட்டிக்காரி கோயிலுக்கு ஓடுவா, மணி தானா அடிக்கும்னு இப்பவே கைக்குட்டைய எடுத்து மடியில வச்சிட்டாங்க. மடிச்சு உள்ள வைங்க. மணி அடிக்காது. பேயும் கிடையாது. கூத்தன்துறை அரசாங்க ஆஸ்பத்திரியில கட்டில் பத்தாம பேயெல்லாம் எப்பவோ டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போயிருச்சு. நடந்தது இவ்வளவுதான்: ஒரு செவ்வாக்கெழம காலையில ஒரு மனுசனோட ரத்த அலை மானிட்டரோட ஓரம் வரைக்கும் வந்துச்சு, வந்தது திரும்பிப் போகல.

அந்த மனுசன் பேரு மாடக்கண்ணு. அம்பத்திரண்டு வயசு, உப்பளத்துல உப்பு வாருற வேலை. வாருற பலகையில துருத்திக்கிட்டு இருந்த ஆணி உள்ளங்கால்ல ஏறினத, "உப்புத் தண்ணியே மருந்துதான்டி"ன்னு பொண்டாட்டி பூரணத்துகிட்டச் சொல்லிட்டு நாலு நாளு சட்டை பண்ணாம இருந்தாரு. அஞ்சாவது நாளு குளிர்காய்ச்சல், ஆறாவது நாளு பேச்சு கொழறல், ஆட்டோவுல போட்டுத் தூக்கிட்டு வரும்போது கால்ல இருந்த விசம் ரத்தத்துல ஏறி, ரத்தக் கொழாயெல்லாம் நனைஞ்ச கயிறு மாதிரித் தொவண்டு, பட்டை கட்டி பிரஷரு பாத்தா மெசினே 'எனக்குத் தெரியாது சாமி'ன்னு வெறும் கோடு போட்டுக் காட்டுது. வாயில கொழாயப் போட்டு மெசின் மூச்சு வச்சு, ஐசியூவுல மூணாவது கட்டில்ல படுக்கப் போட்டாங்க.

அந்தக் கட்டிலுக்கு நர்சு லீதியா. நாப்பது வயசு, கொக்கு மாதிரி நெட்ட உருவம், வாயி மட்டும் மீன் ஏலக் கூடம். சுயநினைவு இல்லாதவங்ககிட்டயும் பேசிக்கிட்டேதான் வேலை பாப்பா. "அண்ணாச்சி, இடது பக்கமாத் திருப்பப் போறேன், சடைச்சிக்கிடாதீங்க. முதுகத் தொடைக்கேன், பச்சத் தண்ணிதான், கத்தக் கூடாது." அதுக்கு முந்துன மாசம் இதே நோயோட வந்த மூணு பேரையும் அவ வெள்ளத் துணியால மூடித்தான் அனுப்பி வச்சிருந்தா. மூணு தடவையும் துணிய இழுத்து விட்டது அவ கைதான். நாலாவது ஆளு இந்த வாசல் வழியா சொந்தக் கால்ல நடந்து போகணும். லீதியாவுக்கு இந்த உலகத்துல வேற எதுவும் வேண்டாம், பிராவிடன்ட் பண்டுகூட வேண்டாம்.

வெளிய பெஞ்சுல ஒயர்க்கூடையோட உக்காந்திருந்த பூரணத்த உள்ள கூட்டிட்டு வந்து அவதான் காமிச்சா. மாடக்கண்ணு மணிக்கட்டுல ஒரு ஊசி. அதுல இருந்து ஒரு டியூபு.

"பட்டை கட்டிப் பாக்குற பிரஷரு இருக்குல்லக்கா, அது போட்டோ. பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு க்ளிக்கு. இது சினிமா. நாடிக்குள்ள ஊசி, ஊசியில இருந்து தண்ணி நெறஞ்ச டியூபு, டியூபு முடியிற எடத்துல இந்தச் சின்னப் பொட்டி. அண்ணாச்சி நெஞ்சு ஒரு தள்ளு தள்ளுனா ரத்தம் தண்ணியத் தள்ளும், தண்ணி பொட்டியத் தள்ளும், பொட்டி அந்தா செவப்பா வரைஞ்சிரும்."

"ஏறுது, எறங்குது, எறங்குற வழியில ஒரு சின்னப் பள்ளம் விழுதே சிஸ்டரம்மா? ஏதும் கோளாறா?"

"கோளாறு இல்ல. நெஞ்சு கதவச் சாத்துற எடம் அது. தள்ளுன ரத்தம் திரும்பி உள்ள வந்துராம படக்குன்னு சாத்துதுல்ல, அந்தப் பள்ளம்."

பூரணம் கழுத்த நீட்டி அந்தப் பள்ளத்தப் பாத்தா. "முப்பது வருசமா வீட்டுக் கதவ ஒரு நாளும் ஒழுங்காச் சாத்துனதில்ல இந்த மனுசன்"ன்னா. சொல்லிட்டு, முந்தானையால மூக்கத் தொடைச்சா.

மறுநாளுதான் அந்தச் செவ்வாக்கெழம. காலையில எட்டு பத்துக்கு செவப்புக் கோடு மானிட்டரோட வலது ஓரத்துக்கு வந்துச்சு. வழக்கமா அந்த எடத்துல அழிஞ்சு, இடது பக்கத்துல இருந்து மறுபடி புதுசாக் கெளம்பும். அன்னைக்கு அழியல. ஓரத்தத் தாண்டி சொவத்துல கால வச்சு, ஆக்சிஜன் பைப்புக்கு மேல ஏறி, கடிகாரத்துக்குக் கீழ நொழஞ்சு, 'கை கழுவவும்' போர்டச் சுத்தி, ஜன்னல் கம்பிக்கு ஊடால வெளிய எறங்கி, சைக்கிள் ஸ்டாண்டு மதிலத் தாண்டி, வாசல்ல நின்ன செக்யூரிட்டி "ஏய், எங்க போற, பாஸ் எங்க"ன்னு கேக்கக் கேக்க நிக்காம, வடக்குத் தெருவுல திரும்பி, மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோன்னு ஒவ்வொரு சொவரா ஏறி எறங்கி, மாதா கோயில் மதிலு, பள்ளிவாசல் மதிலு, முத்தாரம்மன் கோயில் மதிலு மூணையும் ஒரே மாதிரி மதிச்சு ஓடி, மீன் ஏலக் கூடத்தத் தாண்டி, படகுத்துறைக் கல்லு வழியா கடலுக்குள்ள எறங்கிருச்சு. சுண்டு வெரல் தண்டி. நெஞ்சு ஒசரம். தொட்டா இளஞ்சூடு.

லீதியா சார்ட்ட எடுத்து, 'காலை 8.10: அலை சுவர் வழியே வெளியே சென்றது. நோயாளி நிலையில் மாற்றமில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. டியூட்டி டாக்டரு கோமதிநாயகம் வந்து வாசிச்சாரு. அவரு ஒரு வாக்கியத்தத் தொடங்குறதுக்குள்ள ரெண்டு நோயாளிக்குக் கட்டு மாத்திரலாம். "வந்து... சிஸ்டர்... வந்து... அந்த ஜன்னல... மூடாதீங்க. வந்து... அலை நசுங்கிரும்"ன்னு சொல்லிட்டு நாலாவது கட்டிலுக்குப் போயிட்டாரு.

ஊருல மொதல்ல எதிர்ப்புக் காட்டுனது பொதுப்பணித்துறைதான். அரசாங்கச் சொவத்துல அனுமதியில்லாம யாரும் எதையும் வரையக் கூடாதுன்னு ஒரு பெயின்டர அனுப்பி ரெண்டு தடவ வெள்ள அடிச்சாங்க. வெள்ள காயிறதுக்குள்ள அதுக்கு மேல செவப்பு ஓடுச்சு, முன்னவிட எடுப்பாத் தெரிஞ்சுச்சு. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'னு பத்து வருசமா எழுதி வச்சும் கேக்காதவனெல்லாம், அந்த மதில்ல அலை வந்ததுல இருந்து வேட்டிய எறக்கிவிட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போனான். துணி காயப்போடுறவங்க கொடிய ரெண்டு சாணு ஒசத்திக் கட்டுனாங்க. ஸ்டூடியோக்காரரு வாசல்ல இருந்த போர்டக் கழட்டி உள்ள வச்சாரு. கட்சிக்காரங்க போஸ்டர்ல அலை போற எடத்த மட்டும் கத்திரியால வெட்டி எடுத்துட்டு ஒட்டுனாங்க, அதனால ஒரு தலைவருக்கும் மூக்கு இல்ல.

மூணு நாள்ல கூத்தன்துறை மொத்தமும் டாக்டராயிருச்சு. டீ ஆத்திக்கிட்டே, சவரம் பண்ணிக்கிட்டே, சீட்டு கிழிச்சுக்கிட்டே எல்லாரும் சொவத்தப் பாத்தாங்க. அலைக்குக் கூடவே சொவத்துல ஓடுற பிரஷரு நம்பரப் பாத்து ஊரு ரெண்டா உடைஞ்சு, மேல் நம்பரு கட்சி, கீழ் நம்பரு கட்சின்னு டீக்கடையில சண்டை. டீ குடிக்க வந்த லீதியா கிளாஸ கீழ வச்சா.

"ஏன் கெடந்து அடிச்சிக்கிடுதீய? மேல் நம்பரு ஒரு நொடிக் குதி. கீழ் நம்பரு நெஞ்சு அசந்து மூச்சு வாங்குற நேரம். ரெண்டும் சேந்து உடம்புக்கு என்ன கெடைக்குதுங்கிறதுதான் நடு நம்பரு, சராசரி. அது அறுவத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா கிட்னி பட்டினி. நான் அந்த ஒரு நம்பரப் பாத்துத்தான் சாப்பிடவே போறேன்."

அன்னையில இருந்து பஸ் கண்டக்டரு, "அறுவத்தெட்டு இருக்கு, ரைட் போலாம்"னுதான் விசில் அடிச்சாரு. அறுவத்தஞ்சுக்குக் கீழ போனா வண்டி எடுக்கல, யாரும் கேக்கவுமில்ல.

இன்னொன்னு கவனிச்சாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல தெரியிற துடிப்பு படகுத்துறைக்கு வந்து சேர ஆறு நிமிசம் ஆகுது. மீனுலயே காலையில பிடிச்சதும் மத்தியானம் பிடிச்சதும் வேற வேறன்னு மோந்து சொல்ற ஊரு, துடிப்புல சும்மா விடுமா? "ஒங்க தெருவுல வாரது பழைய துடிப்புவே. பிரெஷ்ஷா வேணும்னா எங்க வடக்குத் தெருவுக்கு வாரும்"னு சம்பந்திக்குச் சம்பந்தி எகத்தாளம் பேசிக்கிட்டாங்க.

வெள்ளிக்கெழம அலை ஆட ஆரம்பிச்சுச்சு. மெசின் மூச்சு உள்ள போகும்போது மூணு துடிப்பு நெட்டையா, மூச்சு வெளிய வரும்போது மூணு துடிப்பு குட்டையா, நெட்டை, குட்டை, நெட்டை, குட்டைன்னு ஊரு முழுக்க சொவரே மூச்சு வாங்குற மாதிரி இருந்துச்சு. சராசரி அறுவது, அம்பத்தெட்டு, அம்பத்தஞ்சு. ரத்தக் கொழாய இறுக்குற மருந்த லீதியா ஏத்த ஏத்த, அலை ஏறி ஏறிச் சறுக்குச்சு. இன்னும் குளுக்கோஸ் பாட்டிலு சலைன் பாட்டிலுன்னு ஊத்தலாமான்னா, டாக்டரு ஊத்தப் பயந்தாரு. "வந்து... ஏற்கெனவே நெறைய போயிருக்கு சிஸ்டர்... வந்து... நொரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா..."

லீதியாவுக்கு வெள்ளத் துணி அடுக்கி வச்சிருந்த அலமாரி கண்ணுல பட்டுச்சு. அதுக்கு முதுகக் காட்டி நின்னா.

அப்ப ஐசியூ கதவுல யாரோ தட்டுற சத்தம். தொம்மை பர்னாந்து. நாப்பது வருசம் கடல்ல கெடந்தவரு. கரைக்கு வந்ததும் வலையக்கூட எறக்காம, ஈரக் கைலியோட ஓடி வந்திருக்காரு. கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே கத்துனாரு.

"சிஸ்டரம்மா, துறையில இருந்து பாத்துக்கிட்டே வாரேன். அது காலிப் படகும்மா!"

"என்னண்ணாச்சி சொல்லுதீய?"

"பாரம் ஏத்துன படகு அலைக்கு அசையாது. வெறும் படகுதான் ஒவ்வொரு அலைக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கெடந்து ஆடும். நீங்க கயித்த இழுத்து இழுத்துக் கட்டுனா நிக்குமா? அடியில பாரத்தப் போடும்மா!"

டாக்டரு கோமதிநாயகம் வாயத் தொறந்தாரு. "வந்து..." ஊரே காத்திருந்துச்சு. "வந்து... அவரு சொல்றது சரி."

ஆனா பயம் போகல. அதனால ஊத்துறதுக்கு முன்னால ஒரு சோதனை. மாடக்கண்ணோட ரெண்டு காலையும் அப்படியே மேல தூக்கிப் பிடிச்சாங்க. காலுல தேங்கிக் கெடக்கிற ரத்தம் நெஞ்சுக்கு எறங்கும், வெளிய இருந்து ஒரு சொட்டுகூட ஊத்தாமலே பாரம் ஏறும். பிடிக்கலேன்னா காலக் கீழ எறக்கிறலாம், நட்டம் இல்ல. லீதியா வலது கால், டாக்டரு இடது கால். "அண்ணாச்சி, காலத் தூக்குதோம், கூச்சப்படாதீங்க."

ஒரு நிமிசம். மானிட்டருல அலை நெறஞ்சுச்சு. ஆட்டம் அடங்குச்சு. நெட்டையும் குட்டையும் ஒரே ஒசரத்துக்கு வந்து தோளோட தோளு நின்னுச்சு. சராசரி அறுவத்தாறு. ஜன்னலத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டத் தாண்டி, வடக்குத் தெருவுல அது நெறஞ்சு ஓட ஓட, வழிநெடுகச் சனம் எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு பாட்டிலு சலைன் உள்ள போச்சு, நொரையீரல் ஒண்ணும் கோவிச்சுக்கல. பஸ் கெளம்புச்சு. துறைக்குத் திரும்புன தொம்மைய நாலு பேரு தோள்ல தூக்க, "எறக்குங்கல, மீனு கெட்டுப்போவும்"னு அவரு கத்துனாரு.

ஞாயித்துக்கெழம காலையில அலை செத்துப்போச்சு.

அப்படித்தான் ஊரு சொல்லுச்சு. கூரா ஏறுற நுனி மழுங்கி, கதவு சாத்துற பள்ளம் காணாமப் போயி, செவப்புக் கோடு வயித்தத் தடவுன மாதிரி மொழுமொழுன்னு வந்துச்சு. அந்த மொழுக்கட்டை ஆஸ்பத்திரி வாசலத் தாண்டுச்சு, மருந்துக் கடை ஷட்டரு எறங்குச்சு. ஜெராக்ஸ் கடைக்கு வந்துச்சு, ஷட்டரு எறங்குச்சு. அது போகப் போக, ஒவ்வொரு கடையா, ஒவ்வொரு சன்னலா, ரயிலு வரும்போது கேட்டு சாத்துற மாதிரி வரிசையாத் தெருவு சாத்திக்கிட்டே போச்சு. நகராட்சித் தலைவரு நயினாரு டீக்கடை பெஞ்சு மேல ஏறித் துண்டக் கையில எடுத்தாரு.

"அன்பிற்குரிய கூத்தன்துறை வாழ் பெருமக்களே! அவர் மறைந்தார் என்று எவன் சொன்னான்? அவர் நம் சுவர்களில்..."

பெஞ்சு அவ்வளவு சத்தத்துக்குப் பழக்கப்பட்டது இல்ல, கிறீச்சுன்னுச்சு.

உள்ள, சன்னல் வழியா ஒப்பாரி கேட்டு பூரணம் "ஐயோ என்னப் பெத்தாரு"ன்னு எந்திரிச்சிட்டா. லீதியா எட்டாவது கட்டில்ல இருந்து ஓடி வந்தா. மானிட்டரப் பாக்கல. மாடக்கண்ணு கழுத்துல ரெண்டு வெரல வச்சா. திடும், திடும், திடும். பாதத்தத் தொட்டா, சூடு. கையில பட்டையக் கட்டி அமுத்துனா, நூத்திப் பத்து. அதுக்கப்புறந்தான் மானிட்டருக்குத் திரும்புனா. மேல் நம்பரு சரிஞ்சிருக்கு, கீழ் நம்பரு ஏறியிருக்கு, நடு நம்பரு மட்டும் இருந்த எடத்துலயே கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு.

"அக்கா, அழுகைய நிப்பாட்டுங்க. அண்ணாச்சி நல்லாத்தான் இருக்காரு. எவனோ நடுவுல உக்காந்துக்கிட்டு சேதிய முழுங்குதான்."

டியூபத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா. பொட்டிக்குப் பக்கத்துல, கடுகு தண்டி ஒரு காத்துக் குமிழி. நெஞ்சு தள்ளுற தள்ளையெல்லாம் அதுதான் பஞ்சு மெத்தை மாதிரி வாங்கிக்கிட்டு இருந்திருக்கு. வெரலால ரெண்டு சுண்டு சுண்டி, ஆளுக்குள்ள போயிராம அந்தப் பக்கத்த அடைச்சு, பக்கவாட்டு வாயத் தெறந்து அதை வெளிய துரத்துனா. அப்புறம் டியூபு சுத்தமா இருக்கான்னு பாக்க, வாலு மாதிரித் தொங்குன ரப்பர ஒரு இழு இழுத்து விட்டா. டியூபோட மறுமுனைப் பையில அழுத்தத்தோட நிக்கிற சலைன் பீறிட்டு வரும், அலை செங்குத்தா ஏறி, மேல சமமா நின்னு, செங்குத்தா விழுந்து, ரெண்டு குதி குதிச்சு அடங்கணும். அடங்குச்சு.

தெருவுல என்ன ஆச்சு? செத்துப்போன கோட்டுக்குப் பின்னால, ஆளு ஒசரத்துல ஒரு செவப்புச் சதுரம், பீரோ மாதிரி, எழும்பி ஓடி வந்துச்சு. மருந்துக் கடை ஷட்டரு தடால்னு தெறந்துச்சு. ஜெராக்ஸ் கடை தெறந்துச்சு. பீரோவுக்குப் பின்னால ரெண்டு குதி, குதிக்குப் பின்னால கூரான நுனி, நுனிக்குப் பின்னால அந்தப் பள்ளம், கதவு படக்குன்னு சாத்துற பள்ளம்! "பள்ளம் வந்துட்டு! பள்ளம் வந்துட்டு!"ன்னு சனம் கூடவே ஓடுச்சு. அது டீக்கடைக்கு வந்த நேரம், நயினாரு "அவர் விட்டுச் சென்ற பணிகளை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. சதுரம் அவரு முதுகுக்குப் பின்னால எழும்புச்சு. சனம் கை தட்டுச்சு. தன் பேச்சுக்குத்தான்னு நெனச்சு அவரு இன்னும் பத்து நிமிசம் பேசுனாரு.

அதுக்கப்புறம் ஏறுமுகந்தான். திங்கக்கெழம மருந்து கொறைஞ்சுச்சு, செவ்வாக்கெழம மருந்தே இல்லாம எழுவத்தஞ்சு. வாயில இருந்து கொழாய எடுத்ததும் மாடக்கண்ணு கரகரன்னு பேசுன மொதப் பேச்சு, "இந்தம்மா ஏன் இவ்வளவு பேசுது?" லீதியா சிரிச்ச சிரிப்புல நாலாவது கட்டிலு முழிச்சிக்கிட்டாரு. பொதங்கெழம காலையில மாடக்கண்ணு சாஞ்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு. டாக்டரு, "வந்து... இனி அந்த ஊசி... எடுத்துரலாம் சிஸ்டர்"னாரு.

சேதி வெளிய போன அர மணி நேரத்துல, ஆயிரத்தி நூத்தி நாப்பது கையெழுத்தோட ஒரு மனு வந்துச்சு. நயினாரே கொண்டு வந்தாரு. செருப்பக் கழட்டச் சொன்னதால உள்ள வராம, வாசல்லயே நின்னாரு, பின்னால நூறு பேரு.

"சிஸ்டர், இது தனி மனிதனின் ஊசி அல்ல. மக்கள் சொத்து. பஸ்ஸே அதை நம்பித்தான் ஓடுது. முகூர்த்தம் பாக்கிறவங்க அதைப் பாத்துத்தான் தாலி எடுத்துக் குடுக்காங்க. இன்னும் ஒரு ஆறு மாசம் இருக்கட்டுமே. ஆளுக்கு ஸ்பெசல் ரூமு, டிவி, எல்லாம் நகராட்சி பாத்துக்கிடும்."

லீதியா கதவு முழுக்க நின்னா. கொக்குன்னு சொன்னேன்ல, அன்னைக்குப் பனை.

"நயினாரு அண்ணாச்சி, ஊசி உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வாசல். எந்த விசத்துல இருந்து அவர இழுத்துட்டு வந்தேனோ, அதே விசம் மறுபடி ஏறும். ஆனா நீங்க சொல்லுததும் நியாயந்தான், ஊருக்கு அலை வேணும்."

"அதான சொல்லுதேன்!"

"அப்ப கைய நீட்டுங்க."

"என்னது?"

"ஊசி எல்லாருக்கும் ஒரே சைசுதான். தலைவரு அலைன்னா ஊருக்கும் கௌரவம். பின்னால நிக்கவங்களும் வரிசையா வாங்க, முழுக்கைச் சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு."

நயினாரு கை தானா வேட்டிக்குப் பின்னால போயிருச்சு. நூறு பேருல தொண்ணூறு பேருக்கு அப்பத்தான் வீட்டுல அடுப்ப அணைக்காம வந்தது ஞாபகம் வந்துச்சு.

லீதியா உள்ள போயி, "அண்ணாச்சி, லேசா வலிக்கும், என்னத் திட்டிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு ஊசிய உருவி, பஞ்ச வச்சு அழுத்திப் பிடிச்சா. பத்து நிமிசம். கடிகாரத்தப் பாத்துக்கிட்டே, எடுக்காம, அசையாம. அவ வெரலுக்கு அடியில அந்த நாடி அவளுக்கு மட்டுமே தெரியிற மாதிரி தள்ளிக்கிட்டே இருந்துச்சு.

வெளிய கடைசித் துடிப்பு சன்னல விட்டு எறங்குச்சு. அதுக்குப் பின்னால வெறுஞ் சொவரு. மருந்துக் கடைக்காரரு எந்திரிச்சு அது கூட நடக்க ஆரம்பிச்சாரு. அடுத்து ஜெராக்ஸ் கடைக்காரரு. கண்டக்டரு பஸ்ஸ நிப்பாட்டிட்டு எறங்குனாரு, பஸ்ஸுல இருந்தவங்களும் எறங்குனாங்க. மூணு கோயில் மதிலையும் தாண்டி, ஏறி, எறங்கி, பள்ளத்துல ஒரு நொடி நின்னு, மறுபடி ஏறி, ஆறு நிமிசம் அந்த ஒத்தத் துடிப்பு கூடவே ஊரு மொத்தமும் நடந்து, துறையில போய் அத கடல்ல எறக்கிவிட்டுட்டு நின்னுச்சு. தண்ணியில அது கொஞ்ச தூரம் செவப்பாத் தெரிஞ்சுது, பெறகு தண்ணியாத் தெரிஞ்சுது. "ஆளு பொழச்சிட்டாருல்லா, அது போதும்"னு தொம்மை சத்தமாச் சொன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. கண்ணத் தொடைச்சிக்கிட்டு, உப்புக் காத்துன்னு பொய் சொன்னாங்க.

பன்னெண்டு நாளு கழிச்சு டிஸ்சார்ஜ். கூத்தன்துறையில அப்படி ஒரு கூட்டம் கோயில் கொடைக்குக்கூடச் சேந்ததில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல பேண்டு செட்டு, பத்தாயிரம் வாலா, ஆளு ஒசர ரோசாப்பூ மாலை, பொன்னாடை, நயினாரு கையில எட்டுப் பக்கப் பேச்சு. தெருவு முழுக்கச் சொவத்துல செவப்புச் சாயத்தால அலை வரைஞ்சிருந்தாங்க, ஒவ்வொரு அலையிலயும் பள்ளம் கரெக்டா விழுந்திருந்துச்சு.

கதவு தெறந்துச்சு. மொத ஆளா வெளிய வந்தவரு ஆறடி, முறுக்கு மீசை, தங்கச் செயினு, வெள்ள வேட்டி, பாறை மாதிரி நடை. அப்படி ஒரு அலைக்குச் சொந்தக்காரன்னா இப்படித்தான் இருப்பான்! வெடி கெளம்புச்சு, பேண்டு கெளம்புச்சு, நயினாரு ஓடிப் போயி மாலையப் போட்டாரு, தொம்மை உள்பட நாலு பேரு குனிஞ்சு அவரத் தோள்ல தூக்குனாங்க. ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு அன்னைக்கு வீட்டுக்குப் போகவிருந்த அந்த ரோடு காண்ட்ராக்டரு, "எம்மேல ஊருக்கு இவ்வளவு பாசமா?"ன்னு தழுதழுத்துக் கை கூப்பிக்கிட்டே மேல போனாரு.

அவருக்குப் பின்னால, சட்டை தோள்ல நிக்காம நழுவ, ஒவ்வொரு அடியா எண்ணி வச்சு, ஒருத்தரையும் பிடிக்காம, சொந்தக் கால்ல மாடக்கண்ணு வந்தாரு. ஒரு பக்கம் ஒயர்க்கூடையோட பூரணம், மறுபக்கம் லீதியா. லீதியா அவரு காலத்தான் பாத்துக்கிட்டு வந்தா. வலது, இடது, வலது. வாசப்படி. தாண்டியாச்சு. அவளுக்குள்ளயும் ஒரு பேண்டு செட்டு அடிச்சுது.

மாடக்கண்ணு வெளிச்சத்துக்குக் கண்ணச் சுருக்கிக் கூட்டத்தப் பாத்தாரு. அவரும் ரெண்டு தட்டு கை தட்டுனாரு. "யாருக்கு சிஸ்டரு மாலை? பெரிய ஆளோ?"

லீதியா கூட்டத்தப் பாத்துக் கைய ஆட்டி ஆட்டிக் கத்துனா, வாழ்நாள்ல மொத தடவையா அவ சத்தத்த ஒரு பேண்டு செட்டு முழுங்கிருச்சு.

கேட்டு ஓரத்துல அவிச்ச கடலை வித்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பள, பூரணத்தப் பாத்தா, பூரணம் பக்கத்துல நின்ன எலும்புக்கூட்டப் பாத்தா, தோள்ல மெதக்கிற மீசையப் பாத்தா. கடலைப் படிய அப்படியே கீழ போட்டுட்டு, பேண்டு வாசிக்கிறவன் மூச்சு எடுத்த அந்த ஒரு நொடியில கத்துனா:

"ஏ நாசமாப் போறவங்களா, தெனமும் எங்கிட்ட கடலை வாங்குத இந்த அக்கா புருசன்தானல மாடக்கண்ணு! ஊரே எட்டு நாளு சொவத்தப் பாத்துச்சே, நானும் சேத்துத்தான் சொல்லுதேன், ஒருத்தராவது உள்ள போயி இந்த ஆளு மூஞ்சியப் பாத்தோமாவே?"